அந்த அட்டைகளுக்கு இன்னும் பதில் போகவில்லை

கல்விச் சீர்திருத்தக் குழுக்களில் அமரும் பெரியோர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

41 ஆண்டுகள் கல்வி வேலையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். முதல் 14 ஆண்டுகள் வகுப்பறை. அப்புறம் பாடத்திட்டக் குழு, தேர்வுச் சீர்திருத்தக் குழு, இடைநிற்றலை ஆராய்ந்த குழு என்று ஒன்று மாற்றி ஒன்றாக ஐந்து குழுக்கள். கடைசிப் 12 ஆண்டுகள் இளையோர் உரிமைக்கான வேலை. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலி எனக்குப் பழக்கமானது. வரைவு அறிக்கையை முடிக்க வேண்டிய தேதி நெருங்கும்போது வயிற்றில் ஏற்படும் பதற்றமும் தெரியும். அதனால் வெளியிலிருந்து குறை சொல்பவளின் கடிதமாக இதைப் படிக்காதீர்கள். நான் செய்யத் தவறிய ஒன்றை நீங்களாவது செய்யுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எந்தக் குழுவின் வேலைத்திட்டத்தைப் பார்த்தாலும் அதில் ஒரு வரி இருக்கும்: ‘மாணவர்களின் கருத்தும் கேட்கப்படும்.’ நான் வேலைக்கு வந்த காலத்தில் அந்த வரி கிடையாது. அதைச் சேர்க்கச் சொல்லிப் போராடியவர்களில் நானும் ஒருத்தி. அது வந்தபோது பெரிய வெற்றி கிடைத்துவிட்டதாக நினைத்தேன். பாதி வெற்றிதான் கிடைத்திருக்கிறது என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதைப் புரிய வைத்தவள் எட்டாம் வகுப்பு படித்த ஒரு சிறுமி.

இடைநிற்றலை ஆராய்ந்த குழுவில் நான் உறுப்பினராக இருந்த காலம் அது. பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. பள்ளி பள்ளியாகப் போய், ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்து, ‘உங்கள் பள்ளியில் எதை மாற்ற வேண்டும்?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டோம். பெயர் எழுத வேண்டாம், பிழை வந்தால் கவலைப்பட வேண்டாம் என்றோம். மொத்தம் 312 அட்டைகள் திரும்பி வந்தன. இரண்டு இரவு உட்கார்ந்து அத்தனையையும் படித்தேன்.

புதிய பாடத்திட்டம் வேண்டும் என்று ஒரு பிள்ளைகூட எழுதவில்லை. ‘மார்க்கை எல்லார் முன்னாலும் வாசிக்காதீர்கள்’ என்று பலர் எழுதியிருந்தார்கள். ‘நான் கேள்வி கேட்டால் சிரிக்காத டீச்சர் வேண்டும்’ என்று ஒரு பிள்ளை. ‘பேருந்து வரும் நேரத்துக்குத் தகுந்தபடி மணி அடியுங்கள், தினமும் கடைசிப் பாடத்தில் பாதி போய்விடுகிறது’ என்று இன்னொரு பிள்ளை. இவற்றோடு நான் இன்றுவரை மறக்காத ஓர் அட்டையும் இருந்தது. ‘கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அதனால் நான் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை.’

குழுவில் அட்டைகளை இரண்டு கட்டாகப் பிரித்தார்கள். ஒரு கட்டின்மேல் ‘குழுவின் வரம்புக்குள் வருபவை’ என்று சீட்டு ஒட்டினார்கள், மற்றதன்மேல் ‘வரம்புக்குள் வராதவை’ என்று. தாழ்ப்பாள் இரண்டாவது கட்டில் போனது. பள்ளிக் கட்டட வசதி வேறு துறையின் பொறுப்பு, நாம் கல்விக் கொள்கையைப் பற்றி மட்டுமே சொல்ல முடியும் என்றார்கள். அங்கே உட்கார்ந்திருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. நானும் அங்கேதான் இருந்தேன். இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டேன்.

ஆறு மாதம் கழித்து வேறொரு வேலையாக, அட்டை வாங்கிய பள்ளிகளில் ஒன்றுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் ஒரு சிறுமி பின்னாலேயே ஓடி வந்தாள். “டீச்சர், நான் எழுதிக் கொடுத்தது என்ன ஆச்சு?” என்றாள். எந்த அட்டை என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். தாழ்ப்பாள். நான் சொன்ன பதில், “பரிசீலனையில் இருக்கிறது அம்மா.” குழுவின் அறிக்கை அதற்குள் அச்சாகிவிட்டது. அதில் தாழ்ப்பாள் இல்லை என்பது எனக்குத் தெரியும். “சரி டீச்சர்” என்று தலையாட்டிவிட்டுப் போனாள். நம்பிக்கொண்டுதான் போனாள்.

அடுத்த கல்வியாண்டில் அந்தப் பள்ளியின் வருகைப்பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. தாழ்ப்பாள் இல்லாததால்தான் நின்றுவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை நின்றுபோவதற்குப் பத்துக் காரணங்கள் சேரும். ஆனால் அந்தப் பத்தில் ஒன்றைத் தன் கையால் எழுதி எங்களிடம் கொடுத்தவள் அவள். இடைநிற்றலை ஆராய்வதற்கென்றே கூடிய குழு அதை ‘வரம்புக்குள் வராதது’ என்று ஒதுக்கி வைத்தது.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டால் பதிலும் சொல்லுங்கள். கேட்ட ஒவ்வொரு பள்ளிக்கும் திரும்பிப் போங்கள். நீங்கள் சொன்னதில் இதை ஏற்றோம், இதை ஏற்கவில்லை, ஏற்காததற்குக் காரணம் இது, இதை இன்னாருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். இதைச் செய்ய முடியாது என்றால் தயவுசெய்து கேட்கவே வேண்டாம்.

கடைசி வாக்கியம் கடுமையாகத் தெரியலாம். யோசித்துத்தான் எழுதினேன். கேட்காமல் இருந்தால் பெரியவர்களுக்குத் தன் நிலைமை தெரியாது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். தெரிந்தால் செய்வார்கள் என்ற நம்பிக்கை அதற்கு மிஞ்சும். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டால், தெரிந்தும் செய்யவில்லை என்று அதற்குப் புரிந்துவிடும். வாக்குச்சாவடிக்குப் போகும் வயதில் ‘சொல்லி என்ன ஆகப் போகிறது’ என்று வீட்டில் உட்கார்ந்துவிடும் இளைஞர்களோடு 12 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். அக்கறை இல்லாதவர்கள் என்று அவர்களை ஏசுகிறோம். உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அவர்களில் நிறையப் பேர் எப்போதோ ஒருமுறை எங்கோ சொல்லிப் பார்த்தவர்கள்.

இது என் சொந்த ஆசை மட்டும் இல்லை. 1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. அமெரிக்காவைத் தவிர உலகின் எல்லா நாடுகளும் அதற்கு ஒப்புதல் அளித்திருக்கின்றன. அதன் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. நாம் மேடைகளில் எடுத்துச் சொல்வது இந்தப் பாதியைத்தான். அந்தக் கருத்துக்கு, குழந்தையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தரப்பட வேண்டும் என்பது அதே பிரிவின் மறுபாதி. மதிப்புத் தந்தார்களா இல்லையா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? யாராவது வந்து சொன்னால்தான் தெரியும். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2009-இல் இந்தப் பிரிவுக்கு விரிவான விளக்கம் கொடுத்தபோது இதையும் சேர்த்தே சொன்னது. கருத்தைக் கேட்டவர்கள், என்ன முடிவானது, கருத்து எப்படிக் கணக்கில் கொள்ளப்பட்டது என்பதைக் குழந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரா லண்டி 2007-இலேயே இந்தப் பிரிவை நான்காக விரித்துக் காட்டியிருந்தார். பேச ஓர் இடம், பேசுவதற்கான குரல், கேட்கக் கடமைப்பட்ட ஆள், முடிவின்மேல் செல்வாக்கு. நம் குழுக்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. இடம் ஏற்பாடு செய்கிறோம், ஒலிவாங்கியைக் கையில் கொடுக்கிறோம். கேட்க வேண்டியவர் அந்த நேரத்தில் வேறு கூட்டத்தில் இருப்பார்.

இளையோர் உரிமை வேலைக்கு வந்த பிறகு இதை நூறு விதமாகப் பார்த்தேன். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தைகளை ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்த்துக்கொள்வது ஆகிய மூன்றும்தான் அவை. ஒரு பெரிய மாநாட்டுக்கு 17 வயதுப் பையன் ஒருவனை அழைத்துப் போனேன். மூன்று நிமிடப் பேச்சு. அவன் தன் கையால் எழுதி வைத்திருந்ததை வாங்கிவிட்டு, தட்டச்சு செய்த வேறொரு தாளைக் கொடுத்தார்கள். அழகான தாள்தான். கைதட்டல் பலமாக இருந்தது, விருந்தினர்கள் வரிசையில் வந்து அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும் வழி முழுக்க அவன் பேசவில்லை. இறங்கும்போது, “அடுத்த தடவை வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க, யார் படிச்சாலும் ஒண்ணுதானே” என்றான்.

யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். போலந்தின் வார்சா நகரில் குழந்தை மருத்துவராக இருந்தவர். 1912-இல் அங்கே திறக்கப்பட்ட யூத அனாதை இல்லத்தைத் தலைமையேற்று நடத்தினார். அந்த இல்லத்தில் குழந்தைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் இருந்தது. அதன் சட்டத்தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பையோ வழக்கைத் தள்ளுபடி செய்வதையோ சொல்பவை. 100-ஆம் பிரிவில்தான் குற்றம் நடந்தது என்ற பேச்சே தொடங்கும். குழந்தையின் மேல் குழந்தை வழக்குப் போடலாம். பெரியவர்களின் மேலும் போடலாம். ஆறு மாதத்தில் ஐந்து முறை தன்மேல் தானே வழக்குக் கொண்டுவந்து அந்தக் குழந்தைகளுக்கு முன்னால் நின்றார் கோர்ச்சாக். ஒரு பையனின் காதில் அறைந்ததற்காக ஒரு முறை. ஒரு சிறுமியைத் திருடியதாகத் தவறாகச் சந்தேகப்பட்டதற்காக இன்னொரு முறை.

இளம் வயதில் இதைப் படித்தபோது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன். ஒரு பெரியவர் குழந்தைகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகத் தன்னை வைத்துக்கொண்டார் என்பதுதான் அங்கே நடந்தது என்று அந்த வராந்தாவுக்குப் பிறகு புரிந்தது. அவர் 1926-இல் குழந்தைகளே எழுதும் ஒரு வார இதழையும் தொடங்கினார். ஒரு நாளிதழோடு இணைப்பாக அது 1939 வரை வந்தது. பல ஊர்களிலிருந்தும் குழந்தைகள் அதற்குக் கடிதம் எழுதினார்கள். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்த இல்லத்துக் குழந்தைகளைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனபோது கோர்ச்சாக்கும் கூடவே போனார். குழந்தை உரிமைகளுக்கென ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று 1978-இல் ஐ.நா.வில் முன்மொழிந்த நாடு, அவர் பிறந்த போலந்து. நான் மேலே சொன்ன 12-ஆம் பிரிவின் வேர் இங்கேயும் இருக்கிறது. அதை ஒரு சம்பிரதாய வரியாக்கி வேலைத்திட்டத்தின் ஓரத்தில் எழுதி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பதில் வராதபோது பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்ற ஊரில் கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 180 பேருக்குக் கட்டிய கட்டடத்தில் 450-க்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள். இடம் போதாமல் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளைப் போட்டு அதில் வகுப்பு நடத்தினார்கள். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வியர்ப்பார்கள், தள்ளி இருப்பவர்கள் மேலங்கியோடு உட்கார்ந்திருப்பார்கள். பெற்றோர்கள் பள்ளி வாரியத்திடம் பலமுறை முறையிட்டும் புதுக் கட்டடம் வரவில்லை. பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி தன் இசை ஆசிரியையிடம் போய்ப் புலம்பினாள். அப்படியானால் நீயே ஏதாவது செய்யலாமே என்றார் அந்த ஆசிரியை. 1951 ஏப்ரல் 23 அன்று தலைமையாசிரியரை ஏதோ காரணம் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்கள் எல்லாரையும் அரங்கில் கூட்டி, ஆசிரியர்களை வெளியேறச் சொல்லிவிட்டு, பார்பரா பேசினாள். பள்ளி முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அவர்கள் கேட்டது ஒரு நல்ல கட்டடம் மட்டுமே. உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள், இனப்பிரிவினைப் பள்ளியே கூடாது என்று வழக்குப் போடுவதானால் நடத்துகிறோம் என்றார்கள். அது 1954-இல் பிரவுன் தீர்ப்பில் முடிந்த ஐந்து வழக்குகளில் ஒன்றானது. பள்ளிகளில் இனப்பிரிவினை அரசமைப்புக்கு எதிரானது என்று சொன்ன தீர்ப்பு அது.

கதை அங்கே முடிந்திருந்தால் சொல்ல இனிமையாக இருக்கும். அந்த வட்டாரத்தின் நிர்வாகம், கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைப்பதைவிடப் பள்ளியே இல்லாமல் இருக்கட்டும் என்று 1959-இல் பொதுப்பள்ளிகள் எல்லாவற்றையும் மூடியது. 1964 வரை, ஐந்து ஆண்டுகள். வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி அமைத்துக்கொண்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஆண்டுகள் திரும்பவே இல்லை. பெரியவர்கள் தங்கள் சண்டைக்கு எந்தக் கணக்கிலிருந்து செலவழிக்கிறார்கள் என்பதை இந்த ஐந்து ஆண்டுகளைப்போல எனக்குக் காட்டியது வேறெதுவும் இல்லை.

பிள்ளைகளுக்கு என்ன தெரியும், கல்வியியல் நிபுணர்கள் இருக்கும்போது அவர்களைக் கேட்டு என்ன கிடைக்கும் என்று நேராகவே கேட்டவர்கள் உண்டு. மறுபடியும் அந்த மஞ்சள் அட்டைக் கட்டுக்கே வருகிறேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: ‘டீச்சர் நோட்டில் சிவப்பு மையில் நிறைய எழுதுவார். நான் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். மார்க் போடாத நோட்டு என்றால் எல்லாவற்றையும் படிப்பேன்.’ ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு பிரிவு மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்தடுத்த வேலைகளில் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களுக்குக் குறிப்பின் பயன் கிட்டவில்லை, மதிப்பெண் அதை விழுங்கிவிட்டது. எங்கள் தேர்வுச் சீர்திருத்தக் குழுவில் இந்த ஆய்வை ஒரு நிபுணர் விளக்கியபோது எல்லாரும் குறிப்பெடுத்துக்கொண்டோம். அந்தப் பையனின் அட்டை அந்த நேரத்தில் கிடங்கில் கிடந்தது.

டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக அறிவியலாளர் 1970-களில் எச்சரித்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்கத் தொடங்கிவிட்டால், அந்த எண்ணையே திரிக்கும் அழுத்தம் கூடும், அது அளக்க வந்த விஷயமும் கெடும் என்றார் அவர். தேர்ச்சி விகிதத்தை வைத்துப் பள்ளிகளைத் தரம் பிரிக்கும் பரிந்துரை ஒன்றில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொஞ்ச நாளில் மெல்லக் கற்கும் பிள்ளைகளைத் தேர்வுக்கு முன்பே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் பள்ளிகள் முளைத்தன. எங்களுக்கு அது தெரிய மூன்று ஆண்டுகள் ஆயின. பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே தெரியும், பக்கத்து இருக்கை காலியானதை அவர்கள்தானே பார்த்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பள்ளியின் மாணவர் பேரவை, படிப்பில் பின்தங்கியவர்களைத் தனி வகுப்பாகப் பிரித்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டு என்னிடம் கொடுத்தது. பெரும்பான்மை வாக்கோடு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தத் தடவை வராந்தாவை நினைத்துக்கொண்டு, நேரில் போய் உட்கார்ந்து, ஏன் முடியாது என்று சொன்னேன். ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம். ஒரு பையன், “அப்படியானால் எங்களுக்கு வேகமாகப் பாடம் வேண்டுமே, அதற்கு என்ன செய்வீர்கள்?” என்று விடாமல் கேட்டான். கடைசியில் வாரத்தில் இரண்டு பாடவேளை, விரும்பியவர்கள் விரும்பிய பாடத்தில் முன்னே போகலாம், அந்த நேரத்தில் உதவி தேவைப்படுகிறவர்களும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு வந்தோம். என் தலையில் உதிக்காத யோசனை அது. ‘முடியாது’ என்பதும் பதில்தான். காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், அடுத்த முறை இன்னும் நன்றாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். மௌனத்தோடு அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

நேரம் இல்லை என்பீர்கள். குழுவுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோதான் தருகிறார்கள், அதற்குள் எப்படி என்று நானும் கேட்டிருக்கிறேன். பின்லாந்தின் பள்ளிகளைப் புகழாத கல்விக் கருத்தரங்கே கிடையாது. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொதுப்பள்ளி என்ற சட்டம் 1968-இல் நிறைவேறியது. 1972-இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கிப் படிப்படியாகத் தெற்கே நகர்ந்து, 1977-இல்தான் தலைநகர்ப் பகுதியை எட்டியது. சட்டத்துக்கும் கடைசி வகுப்பறைக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள். அவ்வளவு பொறுமையோடு செய்த நாட்டைப் பாராட்டிவிட்டு, பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல ஒன்பது வாரம் ஒதுக்க முடியாது என்று நாம் சொல்வது சரியாகப் படவில்லை. தேதியை முதல் கூட்டத்திலேயே குறித்துவிடுங்கள். அறிக்கை தரும் நாளுக்குப் பக்கத்திலேயே, பள்ளிகளுக்குத் திரும்பிப் போகும் நாளையும் எழுதுங்கள். அந்தப் பயணத்துக்கான செலவையும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். கடைசியில் கேட்டால் கிடைக்காது, அனுபவத்தில் சொல்கிறேன்.

வரம்பு விஷயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகள் துறை பிரித்துப் பேச மாட்டார்கள். அவர்களுக்குத் தாழ்ப்பாளும் கணக்குப் பாடமும் ஒரே பள்ளிதான். உங்கள் வரம்புக்குள் வராததை யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவருக்குக் கடிதம் எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் நகலைப் பிள்ளைக்குக் கொடுங்கள். எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளை பாதித் தூரம் வந்துவிட்டது. நார்வே 1981-இல் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு குறைதீர்ப்பாளரைச் சட்டப்படி நியமித்தது, உலகில் முதன்முதலாக. இன்று பல நாடுகளில் அப்படி ஒருவர் இருக்கிறார். உங்கள் நாட்டில் இருந்தால் அவரை உங்கள் கூட்டத்துக்கு அழையுங்கள். இல்லையென்றால் அப்படி ஒரு பதவி வேண்டும் என்பதை உங்கள் பரிந்துரைகளில் சேருங்கள்.

கொஞ்சம் பணத்தையும் அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். பாஸ்டன் நகர நிர்வாகம் 2014-இல் பத்து லட்சம் டாலரை ஒதுக்கி, 12 வயதிலிருந்து 25 வயது வரை உள்ளவர்கள் வாக்களித்து அதை எதற்குச் செலவிடலாம் என்று முடிவு செய்யட்டும் என்றது. பூங்காவைச் சீர் செய்வதற்கும், நடைபாதைகளுக்கும், பள்ளிகளுக்கு மடிக்கணினி வாங்குவதற்கும் வாக்கு விழுந்தது. பொறுப்பில்லாமல் செலவு செய்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். அவ்வளவு பெரிய தொகை வேண்டாம். ஒரு பள்ளியின் பராமரிப்புப் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகள் முடிவுக்கு விட்டிருந்தால், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் ஒரே நாளில் வந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு மிகவும் முக்கியம். பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை மட்டும் கேட்காதீர்கள். இடைநிற்றலைப் பற்றி 312 அட்டைகள் வாங்கினோமே, அத்தனையும் நிற்காமல் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுதியவை. நின்றுபோன ஒருவரையும் நாங்கள் கேட்கவில்லை. வேலைக்குப் போய்விட்ட பையன், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண், சக்கர நாற்காலி ஏற வழியில்லாததால் வராமல் போன பிள்ளை, சைகை மொழியில் பேசும் பிள்ளை, இவர்களைத் தேடிப் போக வேண்டும். அழைத்தால் வர மாட்டார்கள். பள்ளி தங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைப்பவர்கள் அவர்கள். அந்த வீடுகளின் வாசலில் நிற்கும்போது கேள்வித்தாளைக் கையில் எடுக்காதீர்கள். முதல் நாள் சும்மா பேசிவிட்டு வாருங்கள்.

உங்கள் குழுக்களில் இருக்கும் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளைகளைக் கேட்கச் சொல்கிறார்களே, எங்களை யார் கேட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். நியாயம்தான். வகுப்பறையில் இருந்த 14 ஆண்டுகளில் எங்களிடமும் படிவம் வாங்கிப்போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. சுற்றறிக்கைதான் வந்தது. அப்படிப் பதில் வராத வலி நமக்குத் தெரியும் என்பதால்தான், குழுவில் இந்தப் பேச்சை முதலில் எடுக்க உங்களால் முடியும் என்று நம்புகிறேன்.

இடைநிற்றல் குழு கலைந்தபோது பழைய கோப்புகளைக் கழிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அனுமதி கேட்டு அந்த அட்டைகளை வாங்கி வந்தேன். இரண்டு காலணிப் பெட்டிகளில் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மஞ்சள் வெளுத்துவிட்டது, பென்சிலில் எழுதியவை மங்கி வருகின்றன. எழுதியவர்கள் இப்போது நாற்பதை நெருங்கியிருப்பார்கள். பெயர் எழுத வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டதால் யாருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்ப வழியில்லை. ஆனால் ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் பள்ளியின் பெயரும் வகுப்பும் இருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளுக்கு முன் உங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இவற்றைக் கேட்டார்கள், நாங்கள் செய்யவில்லை, இப்போது அவை எப்படி இருக்கின்றன என்று உங்கள் எட்டாம் வகுப்பைக் கேட்டு எழுத முடியுமா என்று. ஒன்பது பள்ளிகளுக்கு எழுதிவிட்டேன், நான்கிலிருந்து பதில் வந்திருக்கிறது. அதில் ஒரு தலைமையாசிரியர், கடிதத்தை வகுப்பில் வாசித்ததாகவும், பிள்ளைகள் உடனே எழுந்துபோய்க் கழிப்பறைக் கதவுகளைப் பார்த்துவிட்டு வந்ததாகவும் எழுதியிருந்தார். ஐந்து கதவுகளில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதாம்.

உங்கள் முதல் கூட்டத்துக்கு முன்னால் இந்த அட்டைகளைப் பார்க்க விரும்பினால் தெரிவியுங்கள். பெட்டிகளை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை